சாட்சியும் ஒற்றும்

வெலிமடைச் சந்தையில் மரக்கறி மூட்டைகள் லொறிகளில் ஏறி முடிந்து, உமா ஓயாப் பள்ளத்தாக்கிலிருந்து பனி மேலெழத் தொடங்கிய ஒரு மாலை வேளையில், என்னிடம் முன்னர் கல்வி கற்ற மாணவி ஒருத்தி வீடு தேடி வந்தாள். தோட்டத்து லயத்திற் பிறந்து, உயர்தரம் வரை படித்து, இன்று ஒரு விற்பனை நிறுவனத்தில் ஊழியம் பார்ப்பவள். வெலிமடை, கெப்பெட்டிபொல, ஊவா பரணகம என்று கடை கடையாக ஏறி இறங்கி, வேண்டிய பொருட்களின் கணக்கை எழுதிக்கொண்டு வருவது அவளுடைய வேலை. எழுதுவது தாளில் அன்று. நிறுவனம் கொடுத்த திறன்பேசியில். காலையில் முதற் கடையின் வாசலில் நின்று அதிலே ஒரு பொத்தானை அழுத்தினால் அன்றைய வரவு பதிவாகும். அவள் அழுத்தியிருக்கிறாள். ஆயினும் தொடர்ந்து மூன்று நாள் வரவு தலைமைக் காரியாலயத்துக்குப் போய்ச் சேரவில்லை. மூன்று நாட் சம்பளம் வெட்டப்பட்டது.

முறையிட்டபோது தொழில்நுட்பப் பிரிவிலிருந்து பதில் வந்தது. கருவியின் உட்பதிவுகளைத் திரட்டிப் பார்த்தாலன்றிப் பழுது எங்கே என்று சொல்ல இயலாது. திரையில் ஓர் அறிவித்தல் தோன்றும். அதற்கு இசைவு தர வேண்டும் என்பது அதன் சாரம். அறிவித்தல் தோன்றியது. அவள் இசைவு தரவில்லை. கருவியை என் மேசைமீது வைத்து, "சேர், இத அனுப்பலாமா?" என்று கேட்டாள்.

தயக்கத்தின் காரணத்தை வினவினேன். சற்றுநேரம் பேசாதிருந்தாள். முந்திய ஞாயிற்றுக்கிழமை அவளைப் போன்ற ஊழியர் சிலர் பதுளையில் கூடிச் சம்பள உயர்வு குறித்துப் பேசியிருக்கிறார்கள். கருவி அவளுடைய கைப்பையில் இருந்திருக்கிறது. "அதுவும் இதுக்குள்ள எழுதியிருக்குமா சேர்?" என்றாள்.

அனுப்பாவிட்டால் மூன்று நாட் கூலி போய்விடும். அனுப்பினால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காட்டிக்கொடுக்கப்படலாம். அவளுக்காகப் பேசக்கூடிய ஒரே சாட்சி, அவளுக்கு எதிராகவும் பேசக்கூடிய ஒற்றாக இருக்கிறது. ஒரு பெண்ணின் மூன்று நாட் கூலியைப் பற்றிய சிறு வினாவாகத் தோன்றும் இது, உண்மையில் உழைப்பவர் அனைவரையும் நெருங்கிக்கொண்டிருக்கும் பெரியதோர் அறவினாவாகும். சாட்சி எங்கே முடிகிறது, ஒற்று எங்கே தொடங்குகிறது என்பதே அது.

முதலில் இந்த உட்பதிவு யாது என்று தெளிதல் நன்று. ஆங்கிலத்தில் இதனை 'லொக்' என்பர். அச்சொல்லின் நேர்ப்பொருள் மரக்கட்டை. பாய்க்கப்பல் ஓடிய காலத்தில், முடிச்சிட்ட கயிற்றில் ஒரு மரத்துண்டைக் கட்டிக் கடலில் எறிந்து, ஓடும் கயிற்றின் அளவைக்கொண்டு கப்பலின் வேகத்தைக் கணித்தனர். கணித்ததை எழுதிவைத்த ஏடு அக்கட்டையின் பெயரைப் பெற்றது. நம் பாடசாலைகளில் அதிபரின் மேசையில் இருக்கும் சம்பவத் திரட்டுப் புத்தகமும் அந்தக் குலத்தைச் சேர்ந்ததே. நடந்ததை நடந்த வரிசையில், நேரத்தோடு எழுதிவைப்பது அதன் இயல்பு.

திறன்பேசியும் இவ்வாறே ஓயாமல் தனக்குத்தானே எழுதிக்கொண்டிருக்கிறது. எந்தச் செயலி எப்போது எழுந்தது, எப்போது உறங்கியது, வலையமைப்பு எப்போது அறுந்தது, மின்கலம் எப்போது தளர்ந்தது என்பனவெல்லாம் அதில் விழுகின்றன. அன்ட்ரொய்ட் வகைக் கருவியில் இப்பதிவுகளை ஒரே பொதியாகக் கட்டி எடுக்கும் வழி உண்டு. அதைத் திறக்க வேண்டுமாயின், கருவியின் விபரப் பகுதியில் உள்ள வெளியீட்டு இலக்கத்தை ஏழு முறை தட்ட வேண்டும். செயலிகளைப் பயன்படுத்திய விதமும் இருந்த இடமும் போன்ற அந்தரங்கச் செய்திகள் இப்பொதியில் இருக்கக்கூடும் என்று, அதை எடுக்கும் வேளையில் அக்கருவியே எச்சரிக்கிறது. ஆகவே என் மாணவியின் அச்சம் அறியாமையால் விளைந்தது அன்று.

நிறுவனம் நிர்வகிக்கும் கருவியாயின் நிலைமை மேலும் கடுமையாகிறது. 2014இல் வெளிவந்த அன்ட்ரொய்ட் 5ஆம் பதிப்பு முதல், கருவி முழுவதையும் ஒரு நிறுவனம் தன் ஆளுகைக்குள் வைத்திருக்க வழி செய்யப்பட்டது. 2016இல் வந்த 7ஆம் பதிப்பிலிருந்து, தூரத்தில் இருந்தவாறே பழுதறிக்கையைக் கேட்டுப் பெறலாம். திரைப்பூட்டு எப்போது திறக்கப்பட்டது, எந்தச் செயலி எப்போது தொடங்கியது என்னும் பாதுகாப்புப் பதிவுகளையும் திரட்டலாம். 2017இல் வந்த 8ஆம் பதிப்பிலிருந்து, கருவி எந்தெந்த இணைய முகவரிகளைத் தேடிச் சென்றது என்பதையும் அறியலாம். இவற்றிலே பழுதறிக்கைக்கு மட்டும் பயனர் மறுக்கும் வாய்ப்பு உண்டு. திரையில் அறிவித்தல் தோன்றுவது அதனாற்றான். ஆனால் மறுத்தால் சம்பளம் போய்விடும் என்ற நிலையில் நிற்பவளுக்கு, மறுக்கும் உரிமை எத்துணை உரிமை? பசித்தவன் முன் சோற்றை வைத்து, உண்ணாதிருக்கும் சுதந்திரம் உனக்குண்டு என்று சொல்வது போன்றதே அது.

இனி அறவினாவுக்கு வருவோம். பதிவேடு தன்னளவில் நன்றுமன்று, தீதுமன்று. சாட்சிக்கும் ஒற்றுக்கும் உள்ள வேறுபாடு அவர்கள் கண்டதில் இல்லை. இருவரும் ஒரே காட்சியைக் கண்டிருக்கலாம். சாட்சி என்பவன் இரு தரப்பாரும் வினவக்கூடியவன். வழக்காளியும் கேட்கலாம், எதிராளியும் குறுக்கே கேட்கலாம். ஒற்றன் என்பவனோ ஒரு தரப்பார் மட்டுமே வினவக்கூடியவன். அவன் என்ன சொன்னான் என்பதும், சொன்னானா என்பதுங்கூட மற்றவர்க்குத் தெரியாது. வள்ளுவர் ஒற்றாடலைப் பொருட்பாலில் அரசனுக்குரிய தொழில்களுள் ஒன்றாக வைத்தார், இல்லறத்தில் வைத்தாரல்லர். அரசு வேறு, உறவு வேறு என்பதை அவர் அறிவார். ஆயின் கூலி கொடுப்போர் தம்மை அரசராகவே எண்ணிக்கொள்ளும் வழக்கம் நமது மலைகளுக்குப் புதியதன்று.

இந்த மலைகளின் வரலாறு ஒரு வகையிற் பதிவேடுகளின் வரலாறே. விடியற் பொழுதில் பெரட்டுக்களத்திற் கூடிய தொழிலாளியின் நாள், செக்றோலில் விழுந்தால்தான் நாளாயிற்று. வேலை செய்தாயா என்று லயத்தில் ஒருவரையொருவர் கேட்பதில்லை. பேர் விழுந்ததா என்றுதான் கேட்டனர். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். தராசில் முள் எங்கே நின்றது என்பதைக் கணக்கப்பிள்ளை கண்டார். கூடைக்கும் ஈரத்துக்கும் எவ்வளவு கழிப்பது என்பதையும் அவரே தீர்மானித்தார். எழுதுகோல் ஒரு கையில், உழைப்பு வேறொரு கையில். எழுதப்பட்டவருக்கு எழுதப்பட்டதை வாசிக்கத் தெரியாது. தெரிந்தாலும் வாசிக்கக் கொடுப்பாரில்லை.

அதற்கும் மேலாகத் 'துண்டு' என்று ஒன்று இருந்தது. இன்ன தொகையைக் கட்டினால் இக்கங்காணியையும் அவனுடைய ஆட்களையும் விடுவிக்கலாம் என்று துரை எழுதிக்கொடுத்த சீட்டு அது. மனிதர் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போவதைத் தாளிற் குறித்த கடன் தீர்மானித்தது. 1921ஆம் ஆண்டின் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. ஒழிந்தது சீட்டுத்தான், ஏட்டை வைத்திருப்பவனே ஆளையும் வைத்திருக்கிறான் என்ற உறவு ஒழியவில்லை.

பதிவில்லை என்பதே மனிதரைத் தண்டிக்கப் போதுமானது என்பதையும் இந்த நாடு நமக்குக் காட்டியிருக்கிறது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், 1946 ஜனவரி 1க்கு முன்னர் மணமானோர் 7 ஆண்டும் மணமாகாதோர் 10 ஆண்டும் தொடர்ந்து இங்கே வசித்ததை மெய்ப்பிக்கும்படி கேட்டது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோரின் பேரில் விண்ணப்பங்கள் சென்றன. குடியுரிமை கிடைத்தோர் ஏறத்தாழ 1,34,000 பேர். ஒரு மலையை வெட்டித் தேயிலை நட்டு, அதே மலையிற் பிள்ளை பெற்று, அதே மலையிற் பெற்றோரைப் புதைத்த மனிதன், நான் இங்கே இருந்தேன் என்பதைத் தாளிற் காட்ட வேண்டியவனானான். தாளோ பெரும்பாலும் அவன் கையில் இருக்கவில்லை. தோட்டக் காரியாலயத்தில் இருந்தது. மலை சாட்சி சொல்லவில்லை. கல்லறை சாட்சி சொல்லவில்லை. அநீதியின் எச்சத்தைத் துடைக்க 2003ஆம் ஆண்டின் சட்டம் வரும்வரை இரண்டு தலைமுறை காத்திருந்தது.

இது எழுத்தறியாத கூலிகளின் பழங்கதை, கணினி யுகத்துக்கு இது பொருந்தாது என்று சொல்வோர் உளர். அவர்கள் பிரித்தானிய அஞ்சல் நிலையங்களின் கதையைக் கேட்க வேண்டும். 1999 முதல் அங்கே 'ஹொரைசன்' என்னும் கணினிக் கணக்கு முறை நடைமுறைக்கு வந்தது. புஜிட்சு நிறுவனம் அதை நடத்தியது. சிற்றஞ்சல் நிலையப் பொறுப்பாளரின் கணக்கில் இல்லாத குறைகளை அது காட்டியது. காசு எங்கே என்று அவர்களைக் கேட்டனர். குறை இயந்திரத்தில் இருக்கலாம் என்று அவர்கள் முறையிட்டபோது, வேறு எவருக்கும் இப்படி நேரவில்லை என்று பதில் கிடைத்தது. 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கு மேற்பட்டோர் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டனர். சிறை சென்றோரும், வீடு இழந்தோரும், உயிரை மாய்த்துக்கொண்டோரும் அவர்களுள் அடங்குவர். உண்மையை உரைக்கக்கூடிய உட்பதிவுகளோ நிறுவனத்தாரின் கையில் இருந்தன. கணினி ஒழுங்காக இயங்கியது என்று அதன் பதிவைச் சான்றாகக் காட்டுவோரே நிறுவ வேண்டும் என்றிருந்த ஆங்கிலச் சட்ட ஏற்பாடும் 1999ஆம் ஆண்டின் சட்டமொன்றால் நீக்கப்பட்டது. அதன் பின்னர் இயந்திரம் சரியாகவே இருந்தது என்பது நீதிமன்றத்தின் ஊகம். பிழை என்று காட்டும் சுமை குற்றஞ்சாட்டப்பட்டவர் தலையில். 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அம்முறையில் வழுக்களும் பிழைகளும் இருந்தன என்று தீர்ப்பளித்தது. 2024இல் பாராளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியே அத்தண்டனைகளை நீக்க வேண்டியதாயிற்று. அங்கே குற்றவாளிக் கூண்டில் நின்றோர் படித்தவர்கள், கணக்கறிந்தவர்கள். ஆயினும் எழுதுகோல் ஒரு கையில், பொறுப்பு வேறொரு கையில் இருந்தமையால், நமது செக்றோலுக்கு நேர்ந்ததே ஹொரைசனுக்கும் நேர்ந்தது.

அயலிலும் பார்ப்போம். 2021ஆம் ஆண்டில் இந்தியாவில் இரு நிகழ்ச்சிகள் ஏறத்தாழ ஒரே காலத்தில் நடந்தன. மகாராஷ்டிரத்து அங்கன்வாடிப் பெண்கள், அரசு தமக்குக் கொடுத்த திறன்பேசிகளைத் திரளாகத் திருப்பிக் கொடுத்தனர். கருவிகள் தரமற்றவை, அடிக்கடி நின்றுவிடுகின்றன, பழுதுபார்க்கும் செலவு எங்கள் தலையில் விழுகிறது என்பது அவர்களின் முறைப்பாடு. ஹரியானாவில் ஆஷா சுகாதாரப் பணிப்பெண்களோ, தம் கருவிகளில் 'எம்.டி.எம். 360 ஷீல்ட்' என்னும் நிர்வாகச் செயலியை ஏற்ற வேண்டும் என்ற கட்டளையை எதிர்த்துப் போராடினர். தாம் நிற்கும் இடத்தையும் கருவியில் உள்ளதையும் தூரத்திலிருந்து அறிய அது வழி செய்யும் என்று அவர்கள் அஞ்சினர். ஒரு சாரார், இயந்திரத்தின் பழுதை எங்கள் பழுதாக்காதே என்றனர். மற்றொரு சாரார், பழுதுபார்ப்பது என்ற பெயரில் எங்களைப் பார்க்காதே என்றனர். இரண்டும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள் அன்றோ?

எதிர்வாதங்களையும் நேர்மையோடு கேட்டாக வேண்டும். கருவி நிறுவனத்தின் உடைமை. ஆகவே அதன் பதிவும் நிறுவனத்தினதே என்பது முதல் வாதம். மண்வெட்டியும் தோட்டத்தின் உடைமைதான். ஆனால் மண்வெட்டியைப் பிடித்த கையின் காய்ப்பு எவருடையது? பதிவில் இருப்பது கருவியின் வாழ்வு மட்டுமன்று. அதைச் சுமந்தவளின் நடையும் நிறுத்தமும் விழிப்பும் அதில் உள்ளன. கருவியை வாங்கியவன் அவற்றை வாங்கவில்லை.

குற்றமற்றவருக்கு அச்சமெதற்கு என்பது இரண்டாம் வாதம். இவ்வாதத்தைச் சொல்வோர் எப்போதும் எழுதுகோலின் பக்கத்தில் நிற்பவர்களே. ஞாயிற்றுக்கிழமை கூடிச் சம்பளத்தைப் பற்றிப் பேசுவது குற்றமன்று. சங்கம் சேர்வது இந்நாட்டின் அரசியலமைப்பு அங்கீகரித்த உரிமை. எனினும் அது தெரிந்தால் வேலைக்கு ஊறு வரலாம் என்பதைக் குழந்தையும் அறியும். அஞ்சுபவர் குற்றத்தை அஞ்சவில்லை, வலிமையை அஞ்சுகின்றனர்.

மூன்றாம் வாதமே கனமுடையது. அது முதலாளியினுடையதன்று, பழுதுபார்க்கும் தொழில்நுட்ப ஊழியனுடையது. பழுது எங்கே ஒளிந்திருக்கிறது என்பது முன்கூட்டித் தெரியாது. வரவு பதியும் செயலி நின்றதற்குக் காரணம் அச்செயலியில் இல்லாமல், மின்கலத்தைச் சேமிக்க முயன்ற வேறொரு பகுதியில் இருக்கலாம். ஆகவே சிலவற்றை மட்டும் காட்டு என்று சொன்னால் நோய் கண்டறியப்படாமலே போகலாம். இது மெய். வைத்தியரிடம் உடலை ஒளித்துப் பயனில்லை.

ஆனால் வைத்தியர் என்ற அந்த உவமையே நமக்கு விடையையும் தருகிறது. நோயாளி வைத்தியரிடம் உடலைக் காட்டுவது, அவர் அதைத் துரையிடம் சொல்லமாட்டார் என்ற நம்பிக்கையிலேயே. தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்கு இது விளக்க வேண்டியதில்லை. தோட்டத்து மருந்தகத்தில் காய்ச்சலைப் பார்க்கும் டிஸ்பென்சர் துரையிடம் சம்பளம் வாங்குபவராகவும் இருந்தமையால், காய்ச்சலா கள்ளமா என்ற ஐயம் மருந்துக்கு முன்னே வந்து நின்றது. நோயைத் தேடும் கண்ணும் ஆளைத் தேடும் கண்ணும் ஒரே முகத்தில் இருந்தால், நோயாளி நோயையும் ஒளிப்பான். அதனால் நட்டம் நோயாளிக்கு மட்டுமன்று, மருத்துவத்துக்குமே.

ஆகவே பதிவைத் திரட்டுவதே தவறு என்பது என் முடிபன்று. எந்தப் பழுதை நாடிப் பதிவு கேட்கப்படுகிறதோ அதற்கு மட்டுமே அது பயன்பட வேண்டும். பழுதைத் தேடுபவனும் தண்டனை கொடுப்பவனும் ஒருவனாக இருத்தல் ஆகாது. வேலை முடிந்ததும் பொதி அழிக்கப்பட வேண்டும். எல்லாவற்றிலும் மேலாக, எவரைப் பற்றிய பதிவோ அவர் கையிலும் அதன் படி ஒன்று இருக்க வேண்டும். இவை ஆகாயக் கோட்டைகள் அல்ல. இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம், குறித்த நோக்கத்துக்கு மேல் தரவைப் பயன்படுத்தலாகாது என்பதையும், தரவுக்குரியவர் அதை அணுகலாம் என்பதையும் கோட்பாடாக ஏற்றிருக்கிறது. சட்டத்தில் ஏறியது பெரட்டுக்களத்துக்கும் கடைவாசலுக்கும் தானே நடந்து வராது. அழைத்து வர மனிதர் வேண்டும்.

என் மாணவியின் கதையை முடித்துவிடுகிறேன். பதிவின் படி ஒன்றை அவளுக்கென எடுத்து வைக்க முயன்றோம். நிறுவனம் அக்கருவியில் அந்த வாசலைப் பூட்டிவைத்திருந்தது. பின்னர், எந்தெந்த நாளில் எந்த நேரத்தில் எந்தக் கடையின் முன் பொத்தானை அழுத்தினாள் என்பதை ஓர் அப்பியாசப் புத்தகத் தாளில் எழுதி, இப்பழுதுக்காக மட்டுமே இப்பதிவைத் தருகிறேன் என்று மேலே ஒரு வரி சேர்த்து, அனுப்பிவிடு என்று சொன்னேன். அவள் அனுப்பினாள்.

பழுது கண்டுபிடிக்கப்பட்டது. மின்கலச் சேமிப்பு, வரவுச் செயலியைப் பின்னணியில் நிறுத்தியிருந்தது. இரண்டு நாட் சம்பளம் திரும்பக் கிடைத்தது. முதல் நாட் சம்பளம் கிடைக்கவில்லை. இவ்வகைப் பதிவுகள் அளவான இடத்தில் எழுதப்படுபவை. இடம் நிறைந்ததும் பழையதன்மேல் புதியது ஏறும். முதல் நாளின் பதிவு அவ்வாறு அழிந்திருந்தது. அன்று காலை அவள் என் கடைக்கு வந்தாள் என்று சொல்லக் கடைக்காரர் ஆயத்தமாக இருந்தார். முறைமையில் பதிவு இல்லையே என்றனர் காரியாலயத்தார். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி இதுவரை எவரும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதற்காக வாசிக்கவில்லை என்று ஆகாது.

அனுப்பு என்று சொன்ன நான் சரியாகச் சொன்னேனா என்ற எண்ணம் இன்னும் என்னை விட்டு நீங்கவில்லை. ஆனால் ஒன்றில் எனக்கு ஐயமில்லை. பதிவு இல்லை, ஆகவே நீ இல்லை என்று அந்த ஒரு நாளைக் குறித்துச் சொன்ன குரல், 1949இல் எம் பாட்டன்மாரை நோக்கிச் சொன்ன அதே குரல். ஏட்டை வைத்திருப்பவன், ஏட்டின் நிறைவுக்கு மட்டுமன்றிக் குறைவுக்கும் பொறுப்பாளி. எழுதாத ஏட்டின் சுமை, எழுதுகோல் தரப்படாதவர் தலையில் விழலாகாது.

அவள் இப்போது கைப்பையில் ஓர் அப்பியாசப் புத்தகம் வைத்திருக்கிறாள். ஒவ்வொரு கடையிலும் நேரத்தை எழுதிக் கடைக்காரரிடம் ஒப்பம் வாங்குகிறாள். அவளுடன் வேலை செய்யும் வேறு நால்வரும் அவ்வாறே செய்யத் தொடங்கியிருப்பதாகக் கேள்வி. எமது மக்கள் தமக்கென எழுதிக்கொள்ளும் செக்றோல் அது.